கையில் செருப்போடு வந்தவர்

யுத்த காலத்தில், வெள்ளவத்தையில் நான் வேலை செய்த ஸ்கேன் நிலையத்துக்கு அந்த அம்மா வந்தார். இடது கால் வீங்கிப் பருத்திருந்தது. அந்தக் காலின் செருப்பைக் கையில் வைத்திருந்தார். நிணநீர் எங்கே அடைபட்டிருக்கிறது என்பது எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். வெள்ளைக் கோட்டோடு மிடுக்காகக் கேட்டேன்.

“உடம்புக்குள்ள இரும்பு ஏதும் இருக்காம்மா?”

“ஆமிக்காரனும் இதைத்தான் கேட்டவன், பிள்ளை. இல்லை.”

“இந்த மெஷின் பெரிய காந்தம், ஷெல் குண்டுத் துண்டு இருந்தா இழுத்துடும். பயப்படாமச் சொல்லுங்க.”

“சொன்னா எழுதுவாய்தானே?”

எழுதத்தான் வேண்டும். உடம்பில் காயம் கண்டாலே இயக்கப் போராளியா என்று ஆமி பிடித்துப்போகும் நாட்கள் அவை. கையிலிருந்த படிவத்தைக் குனிந்து பார்த்தேன்.

“அப்ப கால் இப்பிடியே கிடக்கட்டும்.”

எழுந்து போனார். ஜன்னல் வழியே பார்த்தேன். காலி வீதி என்ற பெருந்தெருவில் ஆமி நின்ற சோதனைச்சாவடியை நெருங்கியதும் செருப்பைக் கீழே போட்டு, வீங்கிய காலை அதற்குள் திணித்தார். பிறகு நொண்டாமல் நடந்தார். எப்படி நடந்தாரோ!