மூன்று மடி கம்பங்கதிர்

1992 பிப்ரவரி 1, சனிக்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு அம்மா வாசல் தெளித்தார். ஐந்தரைக்கு அப்பா மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினார். ஏழு மணிக்கு நான் பழைய சோறு குடித்தேன். எட்டரைக்கு எங்கள் கம்பங்காட்டை அளக்க அரசாங்க ஆட்கள் வந்தார்கள். தேதியில் சந்தேகம் இல்லை. அப்பா கையெழுத்திட்ட படிவத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. எனக்கு அப்போது பத்து வயது.

எங்கள் நிலம் தேவாரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், வானம் பார்த்த மூன்று ஏக்கர். அந்த ஐப்பசியில் மழை இரண்டு நாள் பெய்து நின்றுவிட்டது. கம்பு இடுப்பளவுகூட வளரவில்லை. கதிரில் பாதி பதர்.

விளைச்சலை மதிப்பிட ஊருக்கு ஒரு வயல் எடுப்பார்கள். அந்த முறை எங்கள் வயல். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரமாக நான்கு முளை அடித்து, கயிறு கட்டி, உள்ளே உள்ள கதிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி நிறுப்பார்கள். அந்த எடைதான் ஊர் முழுவதற்குமான விளைச்சல். எடை குறைந்தால் வறட்சி நிவாரணம் வரும். வந்தால் எங்கள் இரண்டு மாடுகளை விற்க வேண்டியிராது. பெரியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். என்னிடம் யாரும் சொல்லவில்லை. காய்ந்து நிற்கும் காட்டைப் பார்த்த பிறகு சொல்வதற்கு என்ன இருக்கிறது?

கயிறு கட்டும்போதே சித்தப்பா ஆரம்பித்துவிட்டார்.

"சார், எங்க கம்பு தராசுல நிக்காது. காத்துல பறந்துரும். மேல ஒரு கல்லத் தூக்கி வச்சு நிறுங்க."

"கேலி பண்ணாதீகய்யா. இங்கன நிறுக்கிறதுதான் டெல்லி வரைக்கும் போகுது. நாடு பூராம் எவ்வளவு விளைஞ்சுச்சு, அதுக்கு என்ன மதிப்புன்னு கணக்குப் போடுறாக. அதுல உங்க ஊரும் இருக்குல்ல" என்றார் அதிகாரி.

எனக்கு அந்தப் பேச்சு போதுமானதாக இருந்தது. டெல்லியில் ஒருவர் எங்கள் ஊர்க் கம்பைப் பார்த்து முகம் சுளிப்பதை என்னால் தாங்க முடியவில்லை. பள்ளியில் கணக்குப் பரீட்சையில் நான் தோற்றதே இல்லை.

அறுத்த கதிரைச் சாக்கில் குவித்துவிட்டு, பன்னிரண்டரைக்கு எல்லோரும் புளியமரத்தடிக்குச் சாப்பிடப் போனார்கள். வடக்கு வரப்பை ஒட்டிப் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்று வாய்க்கால் போகிறது. அதன் கசிவு குடித்த ஒரு வரிசைக் கம்பு மட்டும் ஆள் உயரத்துக்கு நின்றது. அதன் கதிர்களைக் கிள்ளிப் பாவாடை மடியில் கட்டிக்கொண்டு மூன்று முறை நடந்தேன். குவியலுக்கு அடியில் கையை விட்டு நன்றாகக் கலந்துவிட்டேன்.

மூன்றரை மணிக்கு நிறுத்தார்கள். சித்தப்பாவின் சிரிப்பு நின்றது.

"சார், முள்ளு சரியா நிக்குதா? இன்னொருக்கப் பாருங்க."

"ரெண்டு தடவ பாத்தாச்சு. பாக்கத்தான்யா நோஞ்சானா இருக்கு. உங்க கம்பு உள்ளுக்குள்ள கெட்டி."

அப்பா தானியத்தில் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தார். சிறியதும் பெரியதுமாக இரண்டு விதமான மணிகள் இருந்திருக்கும். அறுத்ததும் அடித்ததும் எங்கள் வீட்டு ஆட்கள், யாரைக் கேட்பார்? கையெழுத்துப் போட்டார்.

விளக்கு வைத்த பிறகு அப்பா சாப்பிட உட்கார்ந்தார். அருகில் போய் மெதுவாகச் சொன்னேன்.

"அப்பா, வாய்க்கா ஓரத்துக் கருதெல்லாம் நாந்தான் கொண்டாந்து போட்டேன். மூணு மடி. நம்ம ஊரு பாஸாயிருச்சுல்ல?"

அப்பா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"வேற யார்கிட்டயும் சொன்னியா ஆத்தா?"

"இல்லப்பா."

"சொல்லாத. சித்தப்பாகிட்டயும் சொல்லாத."

பரிசு ஏதோ வரப்போகிறது, அதனால்தான் ரகசியம் என்று எடுத்துக்கொண்டேன்.

சித்திரையில் நிவாரணப் பட்டியல் வந்தது. சுற்றியுள்ள ஊர்களெல்லாம் இருந்தன, எங்கள் ஊர் இல்லை. வைகாசியில் மாடுகள் போயின. பல வீடுகளில் போயின. சிலர் வீட்டையே பூட்டிக்கொண்டு ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மலையேறினார்கள். "நல்ல கருதா எடுத்துப் போட்டுப் பெருமையக் காட்டிட்டாருல்ல எங்கண்ணன். ஊரு வாயில மண்ணு" என்று சித்தப்பா டீக்கடையில் சொன்னார். அதன் பிறகு அப்பா இறக்கும்வரை அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அப்பா ஒரு நாளும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மறு வருடம் அந்தக் காட்டில் கம்பு விதைக்க ஏர் இல்லை; அதற்குப் பிறகு யாரும் விதைக்கவும் இல்லை.

நாட்டின் சிறுதானிய உற்பத்தி மதிப்பை ஆண்டுவாரியாகக் கோடு போட்டுக் காட்டும் படங்கள் இப்போது செய்தித்தாளில் வருகின்றன. கோடு ஏறுகிறது, இறங்குகிறது, ஏன் என்று கீழே விளக்கமும் எழுதுகிறார்கள். அந்த வருடத்துக்கு நேரே விரலை வைத்துப் பார்ப்பேன். அந்தப் புள்ளியில் என் மூன்று மடி கதிர் இருக்கிறது. அதை இனி யாராலும் வெளியே எடுக்க முடியாது.

1992 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. அப்பா வாய்கூடக் கொப்பளிக்காமல் அரிவாளோடு காட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். வடக்கு வரப்பில் நான் கதிர் கிள்ளிய தட்டைகள் தலையில்லாமல் வரிசையாக நின்றன. ஊர் ஆட்கள் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போவார்கள். அவர்கள் வருவதற்குள் அவற்றையெல்லாம் ஒன்று விடாமல் அடியோடு அறுத்தார்.

"எதுக்குப்பா இத மட்டும் அறுக்கிறீக?"

"மாட்டுக்குப் பசிக்குது ஆத்தா" என்றார். நானும் குனிந்து, தட்டைகளைப் பொறுக்கிக் கட்டுப் போட்டேன்.