அக்கா சொன்ன எண்

இந்த ஊரில் யாரையும் மரியாதைக்காக 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஜெர்மனிக்கு வந்து பதினோரு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. போன வாரம்கூட எங்கள் ஆய்வுக்கூடத்து அலுவலக அம்மாளிடம், கதவைத் திறந்துகொண்டே, அவர்கள் மொழியில் 'வீ கேட்ஸ்?', எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு வைத்தேன். "மோசம்" என்றார். இடுப்பில் எந்த இடத்தில் வலி, படுத்தால் எப்படி, படி ஏறினால் எப்படி என்று பத்து நிமிடம் விவரித்தார். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கோவைப் பக்கம் எங்கள் கருமத்தம்பட்டியில் காய்ச்சலில் சுருண்டு கிடக்கிறவரைக் கேட்டால்கூட எழுந்து உட்கார்ந்து, "நல்லா இருக்கறனுங்க, நீங்க சௌக்கியமுங்களா?" என்பார். இரண்டில் எது நல்ல பழக்கம் என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் நம்முடையதுதான் என்று சண்டைக்கே போயிருப்பேன். இப்போது வாயை மூடிக்கொள்கிறேன்.

வந்த புதிதில் எனக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. பல் மருத்துவமனைக்குத் தொலைபேசினேன். "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு?" என்று ஒரு பெண் கேட்டாள். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் எடுத்தவுடனே ஒன்பது என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. "பரவாயில்லை, மூன்று இருக்கும்" என்றேன். அவளும் எங்கள் ஊர்க்காரர்களைப் போல, 'என்னங்க இது, குரலே சரியில்லையே, நெசமாச் சொல்லுங்க' என்று மறுபடி கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். மூன்று வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நான் போகும்போது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. ஏன் முன்பே சொல்லவில்லை என்று மருத்துவர் கோபித்தார். சொன்னேனே என்றேன். அவர் கணினியைத் திருப்பிக் காட்டினார். அதில் மூன்று என்றுதான் இருந்தது.

நான் படித்தது கோட்பாட்டு இயற்பியல். பீளமேட்டில் கல்லூரி முடித்து, இங்கே வந்து முனைவர் பட்டம் வாங்கினேன். கூட்டமாக நகரும் துகள்கள் எப்படிப் பரவும், எங்கே அடர்த்தியாகும் என்று சமன்பாடு எழுதுவது என் வேலை. ஏறக்குறைய அதே சமன்பாடு புற்றுக் கட்டி வளர்வதற்கும் பொருந்தும் என்பதால், ஆறு வருடத்துக்கு முன் புற்றுநோய் மருத்துவர்கள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஊரில் இதை விளக்கிச் சொல்வதற்குள் எனக்கு உயிர் போய்விடும். ஒரு கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தமான ஒறம்பரைக்காரர் ஒருவர், "அம்மணி டாக்டருங்களா? ஊசி போடுவீங்களா?" என்றார். இல்லையென்றேன். "பொறவு என்னத்த டாக்டருங்க?" என்று சிரித்துவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார்.

எங்கள் குழுவில் பேட்ரா என்ற உளவியல்காரியும் உண்டு. நோயாளியின் வலி, பயம், மனச்சோர்வு இவற்றை எண்ணாக்கித் தருவது அவள் வேலை. கட்டி வளர்வதும் வலி ஏறுவதும் எப்படிச் சேர்ந்து நகர்கின்றன என்று கண்டுபிடித்தால், வலிக்கும் முன்பே மருந்தைக் கூட்டிவிடலாம் என்பது எங்கள் ஆசை. இங்கே உள்ள நோயாளிகளிடம் அது ஓரளவு ஒத்துவந்தது. வேறொரு நாட்டிலும் பார்க்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் போய்க் கோவையில் ஒரு மருத்துவமனையைப் பேசி முடித்தேன். கேள்வித்தாளைத் தமிழில் எழுதியதும் நான்தான். செவிலியர்களுக்கான விதிகளையும் நானே எழுதினேன்: கேள்வியை ஒரு முறைதான் கேட்க வேண்டும், வற்புறுத்தக் கூடாது, உறவினர் பதில் சொல்லக் கூடாது.

கோவை எண்கள் வந்தன. கட்டி பெரிதாகிறது, வலி இரண்டு. இன்னும் பெரிதாகிறது, அப்போதும் இரண்டு. சிலருக்கு ஒன்று. என் சமன்பாடு அந்த எண்களுக்கு முன்னால் முழித்தது. நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது பேட்ராவுக்கோ ஒரே மகிழ்ச்சி. "உங்கள் மக்களின் குடும்பப் பிணைப்பு வலியைத் தாங்க வைக்கிறது. இதைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் 'சாப்பிட்டாயா?' என்று கேட்டால் பசியில் வயிறு ஒட்டிக்கிடந்தாலும் முதலில் 'ஆச்சுங்க' என்றுதான் சொல்வோம், இரண்டாவது தடவையும் வேண்டாமென்போம், மூன்றாவது தடவை கேட்டால்தான் இலையில் உட்காருவோம், ஆகவே மூன்று தடவை கேட்கச் சொல்லுவோம் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "மூன்று தடவை கேட்டால் பதிலை நாமே பிடுங்கியதாகும். அது உண்மையான பதில் இல்லை" என்றாள். முதல் பதில்தான் உண்மையில்லை என்றேன். "அதற்கு உன்னிடம் ஆதாரம் இருக்கிறதா?" என்று கேட்டாள். என்னிடம் எங்கள் ஊர் முழுக்க இருந்தது, ஆனால் அவள் கேட்ட வகையில் ஆதாரம் ஒன்றுமில்லை.

ஆனால் அந்த ஆதாரம் என் வீட்டிலேயே முளைத்திருந்தது. கோவையில் ஆய்வு தொடங்கிய மாதமே அக்காவுக்கு மார்பில் புற்றுக் கட்டி என்று தெரிந்தது. எனக்கு ஒன்பது வயது மூத்தவள். அம்மா நூல் மில்லுக்கு ஷிப்டுக்குப் போன நாட்களில் எனக்குத் தலைபின்னிப் பள்ளிக்கு அனுப்பியவள். அவள் கணவர், என் மாமா, ஊரில் வீட்டை ஒட்டிப் பன்னிரண்டு விசைத்தறி ஓட்டுகிறார். எந்த மருத்துவமனைக்குப் போவது என்று அவர் கேட்டதும், வேறு எதையும் யோசிக்காமல் எங்கள் ஆய்வு நடக்கும் இடத்தைச் சொன்னேன். நல்ல மருத்துவர்கள், எனக்குத் தெரிந்தவர்கள். ஆய்வில் சேருகிறீர்களா என்று அங்கே கேட்டபோது அக்கா கையெழுத்துப் போட்டிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. எங்களுக்கு வருவது பெயரில்லாத குறியீட்டு எண்கள்தான் என்பதால் எனக்கும் தெரியவில்லை. தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம், "நல்லா இருக்கறேன் கண்ணு, நீ வெசனப்படாத" என்பாள்.

பேட்ராவோடு வாக்குவாதம் நடந்த கொஞ்ச நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். வீட்டுக்குள் நுழைந்தபோது, "வாம்மணி, எளைச்சுப்போட்டயே" என்றாள். இளைத்திருந்தது அவள். மறுநாள் காலையில் அவள் கட்டிலிலிருந்து எழுவதைக் கதவருகில் நின்று பார்த்தேன். முந்தானையைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்து, ஒவ்வொரு விரற்கடையாக நிமிர்ந்தாள். தறிச் சத்தத்தில் மாமாவுக்கு ஒன்றும் கேட்காது. கேட்கக் கூடாதென்றுதான் தறி ஓடும் நேரத்தில் எழுகிறாள் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

அன்று மருத்துவமனைக்கு அவளோடு நானும் போனேன். அவினாசி ரோட்டில் வண்டி குலுங்கும்போதெல்லாம் என் தொடையை இறுக்கிப் பிடித்தாள். அங்கே, வீடியோ கூட்டங்களில் என்னைப் பார்த்திருந்த ஒரு செவிலியப் பெண் டேப்லெட்டோடு வந்து, நான் எழுதிய அதே வாக்கியத்தைப் படித்தாள். "அம்மா, பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள இன்னைக்கு வலி எவ்வளவுங்க?"

"ரெண்டுங்க" என்றாள் அக்கா. கேட்டவளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு இல்லைங்க, எட்டு. எட்டுக்கு மேலயே இருக்கும். காலைல என் கண்ணால பார்த்தேன்" என்றேன்.

"பேஷண்ட் சொல்றதத்தான் போடோணுங்க மேடம்" என்றாள் செவிலி தயக்கத்தோடு. "ஒறம்பரைக சொன்னா எடுத்துக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்க எழுதிக் குடுத்தீங்க."

அந்த எண்ணைப் பார்த்துத்தான் மருத்துவர் வலி மாத்திரையைக் கூட்டுவார். இரண்டு என்று இருந்தால் பழைய மாத்திரையே போதும் என்பார், அன்றும் அப்படித்தான் ஆனது. வராந்தா பெஞ்சில் அக்காவை உட்காரவைத்து, இத்தனை மாதமாக ஏன் இப்படிப் பொய் சொன்னாய் என்று கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெல்லப் பேசு கண்ணு" என்றாள். "இது உன்ற ஆராய்ச்சின்னு எனக்குத் தெரியாதா? வலி கொறையோணும்னுதான நீங்க அல்லாரும் பாடுபடறீங்க? எட்டு, ஒம்பதுன்னு சொன்னா உன்ற கணக்குத் தப்பாப் போயிராதா? அத்தன தொலவுல போயிப் பேரெடுத்திருக்கற. அந்தப் பேரு கெட நானே காரணமா இருக்கோணுமா?"

"நீ சொல்ற பொய்யாலதான்க்கா கணக்குத் தப்பாகுது."

"நான் மட்டும் நல்லபடியாச் சொன்னாப் பத்துமா? இங்க வர்ற பொம்பளைங்க அத்தன பேருத்துகிட்டயும் சொல்லி வெச்சிருக்கறேன், இது என்ற தங்கச்சி செய்யற வேலைங்க, சித்தெ பாத்துச் சொல்லுங்கன்னு. அவுங்களும் பாவம், உனக்காகக் கொறச்சுத்தான் சொல்றாங்க."

அவள் முகத்தில் பெருமை. தங்கைக்குச் சீர் செய்து அனுப்பியவள் முகத்தில் இருக்கும் பெருமை அது. அழுவதா, சிரிப்பதா, அவளை அடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. குடும்பப் பிணைப்பு என்று பேட்ரா எழுதத் துடித்த கட்டுரை, இந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து என் அக்கா வேலை செய்து உருவாக்கியது. அத்தனை பெண்களும் எனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வலியோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். மருத்துவரைத் தனியாகப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். ஒவ்வொருவரிடமும் நிதானமாக உட்கார்ந்து பேசுகிறேன் என்றார். அக்காவோ அவரிடமும், "அம்மணிக்கு என்மேல பாசமுங்க, பெருசாச் சொல்லுது" என்று என்னைப் பொய்க்காரியாக்கிவிட்டாள். ஜெர்மனிக்குத் திரும்பும்வரை நான் அவளிடம் சரியாகப் பேசவில்லை. அந்தக் கோபம் இப்போதும் எனக்கு முழுதாகத் தீரவில்லை.

திரும்பியதும் பேட்ராவிடமும் குழுத் தலைவரிடமும் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். மறைத்திருந்தால் என் பெயர் ஒரு கட்டுரையில் வந்திருக்கும். குழுத் தலைவர் பென்சிலால் மேசையைத் தட்டிக்கொண்டு கேட்டார். கோவை எண்கள் மொத்தத்தையும் நீக்கிவிடுவது என்று முடிவானது. எண்களை நீக்குங்கள், ஆனால் அங்கே கேட்கும் முறையை மாற்றி மறுபடி ஆரம்பிப்போம், மூன்று தடவை கேட்போம் என்று மன்றாடினேன். அதற்கு நேரமில்லை, இங்குள்ள நோயாளிகளை வைத்தே முடித்துவிடலாம் என்றார்கள். பேட்ரா என் தோளைத் தொட்டு, "உன் அக்கா மிகவும் அன்பானவர்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். கோவை எண்களை எடுத்ததும் என் சமன்பாடு அன்று மதியமே அழகாகப் பொருந்திவிட்டது. நாளை இதை வைத்து மருந்து கூட்டுவார்கள், உள்ளதை உள்ளபடி சொல்லும் மக்களுக்கு. சொல்லக் கூச்சப்படுகிறவர்களின் வலியைப் பற்றி அதில் ஒரு புள்ளியும் இல்லை.

ஆய்வு நின்றுவிட்டதை அக்காவுக்குச் செவிலிதான் சொல்லியிருக்கிறாள். இரண்டு வாரம் கழித்து, நான் அலுவலக மேசையில் மதிய உணவைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது வீடியோவில் கூப்பிட்டாள்.

"கண்ணு, நான் அல்லாருத்துகிட்டயும் வாயெ உட்டதாலதான் நிறுத்திப்போட்டாங்களா?"

"இல்லக்கா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்கு டாக்டர் கேட்டாரு. இனி உன்ற கணக்குல சேராதுன்னு அந்த நர்ஸ் புள்ள சொல்லுச்சு. அதனால எட்டுன்னு சொல்லிப்போட்டேன். வேற மாத்திரை குடுத்தாங்க. வந்து நல்லாத் தூங்கினேன், இப்பத்தான் எந்திரிச்சேன்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "எட்டுன்னு சொன்னதுல உனக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

ஒன்றும் ஆகாது என்று தலையை ஆட்டினேன். கணினித் திரையின் ஒரு பாதியில் எங்கள் ஊர் எண்கள் இல்லாத வரைபடம், கோடு வளையாமல் போய்க்கொண்டிருந்தது. மறு பாதியில் தூங்கி எழுந்த அக்கா, தலையணையைச் சரிசெய்துகொண்டு கட்டிலில் சற்று நகர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் நான் வந்து உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.