பச்சைப்பிள்ளைக்குக் கரைத்த கரிசல் மண்

நெஞ்சைப் பிளந்து தைத்து, ஐசியுவிலிருந்து வார்டுக்கு என் மகளைக் கொண்டுவந்து போட்டபோது அவளுக்குத் தலைகூட நிற்கவில்லை. மூக்கில் ஒரு குழாய் பாலுக்கு, ஒரு குழாய் காற்றுக்கு. நெஞ்சுக்கு நடுவே நேராக ஒரு தையல். நான் கோவில்பட்டியில் தையல்கடை வைத்திருப்பவள். அந்தத் தையலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் முதல் தடவை பார்த்தபோது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

மதுரை ஆஸ்பத்திரி அது. இதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்தாயிற்று, இனிப் பிள்ளை தேற வேண்டியதுதான் பாக்கி என்றார் டாக்டர். தேறுவது என்றால் இன்னது என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. தண்ணீர் கூடினால் அந்த இதயம் தாங்காதாம். அதனால் பாலும் அளவுதான். நர்ஸ் சிரிஞ்சில் கொஞ்சமாக எடுத்து மூக்குக் குழாயில் விடுவாள். வாய்க்கு ஒரு சொட்டும் கிடையாது. எனக்கோ மார் கட்டிக் கல்லாகக் கிடந்தது. பீய்ச்சிக் கொடுத்தால் அவர்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைக் கொட்டிவிடச் சொன்னார்கள். பிள்ளை உதட்டைச் சப்பிக்கொண்டு கிடக்க, நான் என் பாலை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். இப்படியும் ஒரு வைத்தியம் உண்டா என்று வாஷ்பேசின் கண்ணாடியைப் பார்த்துத் திட்டினேன்.

அதைவிடக் கொடுமை அவள் அழுகை. ஐசியுவில் மூச்சுக்காக விட்ட குழாய் தொண்டைக்குள் கிடந்து கிடந்து குரல் போய்விட்டது. முகம் சிவக்கும், வாய் கோணும், காலை உதைப்பாள். சத்தம் மட்டும் வராது. "குரல் தானா வந்துரும்மா, பயப்படாதீங்க" என்றாள் நர்ஸ். நம்பினேன். நம்பாமல் வேறு என்ன செய்ய?

அப்போதுதான் என் மதினி வந்தார். என் வீட்டுக்காரரின் மூத்த அக்காள். இடைசெவல் பக்கம் காடுகரை உள்ள குடும்பம். தம்பிக்கு அக்காள் சொல்தான் வேதம். ஊரில் மதினிக்குத் தனி மரியாதை உண்டு. எங்கள் பக்கம், வயசாளிகள் உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால் மண்ணாசை விடவில்லை என்பார்கள். அவரவர் உழுத காட்டு மண்ணைச் சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். ஊற்றினால் உயிர் அடங்கிவிடும். அதற்கு என் மதினியைத்தான் கூப்பிடுவார்கள். கைராசிக்காரி என்று பெயர்.

வந்தவர் பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளை பசியில் வாயைத் திறந்து அழுதது. மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

"ஏலே, வாயத் தொறக்கு, சத்தம் வரல. நான் எத்தன பேரப் பாத்திருக்கேன். இது இழுவைதாம்ல."

"டாக்டர் தேறிரும்னு சொல்லுதாருக்கா."

"அவிய அப்படித்தான் சொல்லுவாவ. பச்சமண்ண இப்படிப் போட்டு வதைக்கியளே, பாவம் சும்மா விடுமா?"

நான் வெளியே போய், "மதினி, குரல்தான் வரல. பிள்ளை நல்லாத்தான் இருக்கு" என்றேன். அவர் என் தலையைத் தடவி, "சரிட்டி, சரி" என்றார். புத்தி பேதலித்த கோட்டிக்காரியிடம் பேசுவதுபோல இருந்தது. 

மறுநாள் நான் பால் பீய்ச்சப் போய்விட்டுத் திரும்பினேன். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. வாசல் பக்கம் பார்த்தபடி, நர்ஸ் வருகிறாளா என்று என் வீட்டுக்காரர் காவல் நின்றார். என்னைக் கண்டதும் முகம் செத்துப்போயிற்று. அவரைத் தள்ளிவிட்டு உள்ளே போனேன். மதினி கையில் பால்சங்கு. பிள்ளைக்கென்று நான் வாங்கி வைத்த சங்கு. அதற்குள் கறுப்பாகத் தண்ணீர்.

பிள்ளை குடித்துக்கொண்டிருந்தாள். ஆசையாக, சப்புக்கொட்டி, நாக்கை நீட்டி நீட்டிக் குடித்தாள். எத்தனையோ நாளாக வாயில் ஈரம் படாத பிள்ளை.

"பாத்தியாட்டி, மண்ணுக்குத்தான் ஏங்கிக் கெடந்திருக்கு" என்றார் மதினி. குரலில் கனிவு சொட்டியது.

அடப்பாவிகளா! தன் பேரில் ஒரு செண்டு நிலம் இல்லாத பிள்ளைக்கு மண்ணாசையாம்! சங்கைப் பிடுங்கி எறிந்தேன். அதற்குள் பிள்ளைக்குப் புரையேறிவிட்டது. உதடு நீலம் பாரித்தது. மிஷின் கத்தியது. ஓடி வந்தவர்கள் எங்களை வெளியே தள்ளினார்கள்.

"என்ன கொடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். "ஒண்ணுமில்ல சார்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் கை என் கையை நெரித்தது. அக்காளைப் போலீசு பிடித்துக்கொண்டு போய்விடுமோ என்று அவருக்குப் பயம்.

"மண்ணு சார்" என்றேன். "கரிசல் மண்ணு. எங்க காட்டு மண்ணத் தண்ணில கரைச்சுக் குடுத்துட்டாவ."

டாக்டருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் என்னைப் பார்த்து, "நீங்கள்லாம் ஒரு தாயா?" என்றார். ஊற்றியவளையும் கேட்கவில்லை, காவல் நின்றவனையும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்.

மறுபடி ஐசியு, மறுபடி தொண்டையில் குழாய். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. பிழைப்பது கஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள். மதினி ஊருக்கு பஸ் ஏறும்போது தம்பியிடம், "இவ மட்டும் தட்டிவிடலன்னா நேத்தே நிம்மதியாப் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை என் வீட்டுக்காரர் என்னிடம் ஆறுதல்போலச் சொன்னார் பாருங்கள், அந்த மனுசனை என்ன செய்வது!

ஆனால் பிள்ளை போகவில்லை. காய்ச்சல் இறங்கியது, குழாய் ஒவ்வொன்றாகக் கழன்றது. ஒருநாள் காலையில் கரகரவென்று ஒரு அழுகை கேட்டது. பக்கத்துக் கட்டில் பிள்ளை என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். என் பிள்ளைதான். அன்றைக்கு மாரில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். கடித்துக் குடித்தாள், கழுதை.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். சட்டைக் கழுத்துக்கு மேலே தையலின் நுனி தெரியும். நான் மூடி வைப்பதில்லை.

போன வருசம் மதினிக்குப் பக்கவாதம் வந்தது. பிள்ளை குட்டி இல்லாதவர். தம்பிதான் வீட்டுக்குக் கூட்டிவந்தார். முன்னறையில் கட்டில். கை கால் விளங்கவில்லை. மூக்கில் குழாய். பேச முயன்றால் வாய் திறக்கும், சத்தம் வராது. கண் மட்டும் பேசும். என்னைக் கண்டால் அந்தக் கண் கெஞ்சும். என்ன கேட்கிறார் என்று எனக்கா தெரியாது?

என் வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கிறது. போன வாரம் காட்டுக்குப் போனவர், காகிதத்தில் பொதிந்து கொஞ்சம் மண் கொண்டுவந்தார். "அக்கா ரொம்பச் சிரமப்படுதா. நீயே ஒன் கையால..." என்று இழுத்தார்.

"டாக்டர் தேறிரும்னு சொல்லுதாருங்க" என்றேன். மண்ணை வாங்கிச் செம்பருத்திச் செடிக்குப் போட்டேன்.

நேரம் தவறாமல் நான்தான் பார்க்கிறேன். புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கிறேன். பாலைச் சிரிஞ்சில் அளந்து குழாயில் விடுகிறேன். சளி கட்டினால் உடனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்துக் கூட்டி வருகிறேன். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள், பெற்ற மகள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்.

மதினி வாயைத் திறந்து திறந்து மூடுகிறார். நான் முகத்தைத் துடைத்துவிட்டு, குனிந்து காதோடு சொல்கிறேன்:

"பயப்படாதீங்க மதினி. ஒங்களச் சாக விடமாட்டேன்."