பரமேஸ்வரி அக்காவோடு ரவாங் மலைகளில்

செய்தி எனக்கு மீன் கடையில்தான் வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் பாசாரில் நான் வழக்கமாக மீன் வாங்கும் கடைக்காரர், கெம்போங் மீனைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "ஆன்டி, உங்க கூட்டாளி காலையில போயிட்டாங்களாமே, அந்தச் சிலோன்கார அம்மா" என்றார். மீனை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தேன். மீன்காரருக்குத் தெரிந்த பிறகா எனக்குத் தெரிய வேண்டும் என்ற கோபம்தான் முதலில் வந்தது. அழுகை பிறகுதான்.

வீட்டுக்கு வந்தால் டெலிபோன் அடித்துக்கொண்டிருந்தது. அக்காவின் மகள் சாந்தி. "ஆன்டி, விடிஞ்சதிலயிருந்து அடிக்கிறன், ஒருத்தரும் எடுக்கேல்லை. அம்மா போயிட்டா" என்று அழுதாள். கோபத்தை இறக்கி வைப்பது எனக்குச் சுலபமான காரியம் இல்லை. அன்றைக்கு இறக்கி வைத்தேன்.

அவர்கள் வழக்கப்படி முப்பத்தோராம் நாள் நினைவு மலர் போடுகிறார்கள். அதற்கு என்னையும் எழுதச் சொன்னது சாந்திதான். "அம்மாவோட மலை ஏறினது நீங்கள்தான். உள்ளதை எழுதுங்கோ" என்றாள். நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் சாந்தி திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

பரமேஸ்வரி அக்காவை நான் முதலில் பார்த்தது கிளினிக்கில். நான் எழுந்து கழிவறைக்குப் போய்விட்டு வருவதற்குள் என் இடத்தில் உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, மூக்குக்கண்ணாடி, காலில் வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து.

"அக்கா, அது என் எடம்" என்றேன்.

"உம்மட பேர் எழுதியிருக்கே?" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் சொல்லிக்கொண்டே அவர் நகர்ந்து பாதி இடம் விட்டார். அந்தப் பாதி இடத்தில் உட்கார்ந்தபடிதான் எங்கள் பேச்சு ஆரம்பித்தது. அவருக்கு இனிப்பு நீர், எனக்கு ரத்தக் கொதிப்பு. டாக்டர் இரண்டு பேரையும் தினமும் நடக்கச் சொன்னார். மறுநாள் காலையிலிருந்து ஒன்றாக நடந்தோம்.

அக்கா அரசாங்க ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் சீஃப் கிளார்க். நான் பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைத்தவள். என் அப்பா தண்டவாளம் போட்டவர், என் வீட்டுக்காரர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். ஒரே பிரிக்ஃபீல்ட்ஸ்தான். ஆனால் அவர்கள் வீட்டு வாசல் வேறு, எங்கள் வாசல் வேறு. தெருவில் சேலைக்குச் சப்பாத்தா என்று சிரித்தார்கள். அக்கா திரும்பிப் பார்க்க மாட்டார். "சிரிக்கிறவைக்குச் சுகர் இல்லை, ராஜம். வந்தால் அவையும் போடுவினம்" என்பார்.

ஒரு விஷயம் எனக்கு ஆரம்பத்திலிருந்தே உறுத்தியது. எங்கே போனாலும் அக்கா தன்னுடைய பிளாஸ்க், தன்னுடைய கப் கொண்டுவருவார். என் வீட்டுக்கு வந்தால் வாசலோரத்து நாற்காலியில் உட்காருவார். காப்பியா, தேயா என்று கேட்டால், "இப்பதான் குடிச்சனான்" என்பார். எந்த நேரத்தில் வந்தாலும் இப்போதுதான் குடித்திருப்பார். என் அம்மா கிராணிமார், அதாவது ஆபீஸ் கிளார்க்குமார் வீடுகளில் துணி துவைத்தவர். பின்வாசலில் அவருக்கென்று தனி டின் குவளை கவிழ்ந்து கிடக்கும். சின்ன வயதில் அதைப் பார்த்தவள் நான். அதனால் "இப்பதான் குடிச்சனான்" என்பதற்கு எனக்கு யாரும் அர்த்தம் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்படியிருந்தும் ஏன் கூட நடந்தாய் என்று என் மகளே கேட்டிருக்கிறாள். அக்காவோடு நடந்தவர்களுக்குத்தான் அது தெரியும். அவர் பேச்சு அப்படி.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷக் கடைசிப் பள்ளி விடுமுறை. அக்காவின் கொழுந்தனாருக்கு ரவாங்கில் வேலை. அவர் வீட்டில் குடும்பமே ஒரு வாரம் போய்த் தங்கியது. என் மகளையும் ரவாங்கில்தான் கட்டிக் கொடுத்திருந்தேன். மருமகன் லோரி ஓட்டினார். அக்கா சொன்னார், "நீரும் மகளிட்டை வாரும். காலமை ரெண்டு பேரும் மலைக்குப் போவம். தட்டையிலயே நடந்து எனக்கு அலுத்துப்போச்சு." அப்படித்தான் அந்த வாரம் வாய்த்தது. காலையில் பஸ் நிற்கும் இடத்தில் சந்திப்போம். ஏறுவோம். சாப்பாட்டு நேரத்துக்கு அவரவர் குடும்பத்திடம் திரும்பிவிடுவோம்.

முதல் நாள் காஞ்சிங் அருவி. அட்டைக்கு நான் காலில் புகையிலை தேய்த்துக்கொண்டு போனேன். அக்கா மூக்கைப் பொத்தினார். அவர் சவர்க்காரம் தேய்த்திருந்தார். அட்டை அவரைத்தான் கடித்தது. "உம்மட நாத்தத்துக்கு அது என்னட்டை வந்திட்டுது" என்றார். மறுநாள் ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த மேடு. அங்கே குரங்கு ஒன்று அவருடைய கிரீம் கிராக்கர் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறி, ஒன்றைக் கடித்துவிட்டு மீதியைக் கீழே போட்டது. "பாருங்கக்கா, குரங்குக்கே உங்க பிஸ்கட் புடிக்கல லா" என்றேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார்.

அக்கா எப்போதும் முன்னால் போவார். எனக்கு மூச்சு வாங்கும். "மெதுவா வாரும், நான் வளைவில நிக்கிறன்" என்று குரல் வரும். வளைவுக்குப் போனால் சொன்னபடி நிற்பார். ஒரு நாளும் என்னை விட்டுவிட்டுப் போனதில்லை. மலையில் அவர் பேசியது வீட்டில் பேசாத பேச்சு. "வீட்டில நான் டைப்ரைட்டர்தான், ராஜம். அவை அடிக்கிறதுதான் என்னில விழும்" என்றார் ஒரு தடவை. அவை என்று அவர் சொன்னது முக்கியமாக யாரை என்று எனக்குத் தெரியும். அவருடைய கணவரின் மூத்த சகோதரி. எல்லாருக்கும் அவர் பெரியமாமி. இந்த மலரை அவரும் படிப்பார். படிக்கட்டும்.

வியாழக்கிழமை கொஞ்சம் உயரமான மலை. பாதியில் அக்காவுக்குச் சறுக்கி, பிளாஸ்க் பாறையில் மோதியது. உள்ளே கண்ணாடி உடைந்து, ஆட்டினால் கலகலவென்றது. தண்ணீரைக் கொட்டிவிட்டு மேலே ஏறினார். கொஞ்ச தூரம் போனதும் நடை பின்னியது. சேலை முதுகோடு ஒட்டும்படி வேர்த்திருந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு சரியாகச் சாப்பிடாமல் வந்திருக்கிறார்.

"ராஜம், கண் இருட்டுது" என்று வேரில் உட்கார்ந்துவிட்டார். கை நடுங்கியது.

என் மாமனாருக்கு அப்படி வந்து நான் பார்த்திருக்கிறேன். இனிப்பு உள்ளே போக வேண்டும். என் பையில் இனிப்பான பால்டின் ஊற்றிய தே இருந்தது. எனக்கு உப்புத்தான் ஆகாது, சீனி ஆகும். பிளாஸ்கின் மூடியில் ஊற்றினேன். நீட்டுவதற்கு முன்னால், அந்த நேரத்திலும், சொல்லிவிட்டுத்தான் நீட்டினேன். "அக்கா, இது என் மூடி. நான் வாய் வெச்சது."

"தாரும்" என்றார்.

குடித்தார். இன்னும் கேட்டார். காயா ஜாம் தடவிய ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தேன். கை நடுங்கியதால் நானே வாயில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் முகத்தில் ரத்தம் வந்தது.

"இவ்வளவு சீனியா? என்னைக் கொல்லப் பாக்கிறீர்."

"சீனி இல்லாட்டிதான் இன்னைக்கு நீங்க செத்திருப்பீங்க."

இரண்டு பேரும் அந்த வேரிலேயே உட்கார்ந்து சிரித்தோம். வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் அக்கா பிளாஸ்க் இல்லாமல் வந்தார். மேலே போய் உட்கார்ந்ததும் அவரே என் பையைத் திறந்து மூடியை எடுத்தார். "எங்க உம்மட அந்தத் தேத்தண்ணி?" என்றார். அவருக்காகச் சீனியைக் குறைத்துப் போட்டிருந்தேன். அவர் குடித்துவிட்டுத் தரும் மூடியிலேயே நானும் ஊற்றிக் குடித்தேன். என் வாழ்க்கையில் நான் குடித்த நல்ல தே அந்த இரண்டு நாள் குடித்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். நாங்கள் இருவரும் காலையில் ஏறி இறங்குவது என்றும், இரண்டு குடும்பமும் அருவியடிக்கு வருவது என்றும் ஏற்பாடு. இறங்கி வந்தபோது இரண்டு பாய் விரித்திருந்தது. ஒன்றில் அவர்கள், ஒன்றில் நாங்கள். என் மகள் மீஹூன் பிரட்டிக் கொண்டுவந்திருந்தாள். பெரிய பிளாஸ்கில் தே. மலையில் குடித்த அதே மூடியில் ஊற்றி, நேராக அவர்கள் பாய்க்குப் போய் அக்காவிடம் நீட்டினேன்.

பெரியமாமி மூடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதையும் நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

அக்கா என் முகத்தைப் பார்க்காமல், "இப்பதான் குடிச்சனான், ராஜம்" என்றார்.

என்னோடுதான் மலையிலிருந்து இறங்கியிருந்தார். உதடு காய்ந்திருந்தது. நான் மூடியை எடுத்துக்கொண்டு போய் ஆற்றில் ஊற்றினேன். "என்னம்மா, அவங்க குடிக்கலையா?" என்று மகள் கேட்டாள். "ஆறிப்போச்சு" என்றேன்.

அதன் பிறகும் பிரிக்ஃபீல்ட்ஸில் காலை நடையை நாங்கள் விடவில்லை. ஆனால் மலை அன்றோடு முடிந்தது. வருஷக் கடைசி வந்தால் அக்கா கேட்பார், "ராஜம், இந்த முறை ரவாங்குக்குப் போவமே?" நான், "கால் வலிக்குதுக்கா" என்பேன். ஒவ்வொரு வருஷமும் அதே கேள்வி, அதே பதில். என் காலுக்கு ஒன்றும் இல்லை. தினமும் லேக் கார்டனைச் சுற்றி வரும் கால், மலைக்கு மட்டும் வலிக்குமா என்று அவர் கேட்டதே இல்லை.

ஒரு நாள் லேக் கார்டனில் குளத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். அக்கா சொன்னார்.

"அண்டைக்கு அந்தத் தேத்தண்ணியை நான் குடிச்சிருக்கலாம்."

எதையும் மறக்காதவள் நான். அன்றைக்கு அவர் கட்டியிருந்த சேலையின் கரைகூட எனக்குத் தெரியும். ஆனாலும், "எந்தத் தேத்தண்ணிக்கா? எனக்கு ஞாபகம் இல்லையே" என்றேன்.

அக்கா தலையை ஆட்டினார். "ஓம், உமக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது" என்று எழுந்து நடந்தார். வளைவில் நின்றார். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. அவர் கேட்டது மன்னிப்புத்தான். கேட்ட இடத்தில் கொடுத்திருந்தால் இன்றைக்கு இதை எழுத எனக்குக் கை இவ்வளவு கனக்காது. அவர் அன்று தேயை மறுத்தது சரியென்று நான் இன்றும் சொல்லமாட்டேன். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. கோபத்தை வைத்துக்கொண்டே கூட மலைக்குப் போயிருக்கலாம்.

போன வருஷம் அக்காவின் வலது காலில் புண் வந்து ஆறாமல், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போனேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. கட்டில் பக்கத்தில் பெரியமாமி. நான் கால்மாட்டில் நின்றேன். அக்காதான் கேட்டார்.

"ராஜம், உம்மட கால் எப்பிடி?"

கேலி இல்லை. அவர் நிஜமாகத்தான் கேட்டார். இத்தனை வருஷமும் என் கால் வலியை நம்பிக்கொண்டிருந்தாரா, நம்பாமல் விட்டுக் கொடுத்தாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. "பரவாயில்லக்கா" என்றேன்.

அன்றைக்கு வீட்டிலிருந்து கிளம்பும்போதே பிளாஸ்கில் தே போட்டு, மூடி வைத்து, கையில் எடுக்காமல் எங்கள் மேசைமேலேயே விட்டுவிட்டுத்தான் போனேன். இன்னொரு முறை "இப்பதான் குடிச்சனான்" என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அன்றைக்குக் குடித்திருப்பாரோ என்னவோ. வீட்டுக்கு வந்தபோது அது அங்கேயே ஆறிக் கிடந்தது.

சாவு வீட்டில் நான் பின்னால்தான் நின்றேன். வாய்க்கரிசி போட உறவுக்காரர்களைக் கூப்பிட்டார்கள். போட்டு முடித்த பிறகு சாந்தி கூட்டத்துக்குள் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்தாள். "ஆன்டி, நீங்களும் வந்து போடுங்கோ. அம்மா சொல்லிவிட்டிருக்கிறா."

"நான் உறவில்லையே, சாந்தி."

"அம்மா சொன்னவ" என்றாள் மறுபடி.

பெரியமாமி தலைமாட்டில் நாற்காலியில் இருந்தார். மிகவும் தளர்ந்துவிட்டார். நான் வருவதைப் பார்த்துக் கைத்தடியை ஓரமாக இழுத்துக்கொண்டார். வழிவிட்டார் என்று சொல்லமாட்டேன். தடியை இழுத்துக்கொண்டார். கூடம் முழுக்க அவர்கள் ஆட்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரிசியை எடுத்து அக்காவின் வாயில் வைத்தேன். ரொட்டியை வைத்த அதே கை. வேண்டாம் என்று சொல்ல அக்காவால் இந்த முறை முடியாது. எல்லாரும் பார்க்க என் கையிலிருந்து அவர் வாங்கிக்கொண்டது இது ஒன்றுதான். இத்தனை வருஷம் நான் காத்திருந்தது இதற்காக இல்லை.

அக்கா, முன்னால் போங்கள். வழக்கம்போல வளைவில் நில்லுங்கள். நான் மெதுவாக வருகிறேன். என் காலுக்கு ஒன்றும் இல்லை. அது எப்போதும் நன்றாகத்தான் இருந்தது.