நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் தேடி சவுத்தாலுக்கு

இந்த வலைப்பூவைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் வழக்கம் தெரியும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மோர்டனில் இருந்து வெளிக்கிட்டு, பொழுதுபடுமுன் வீடு திரும்பக்கூடிய ஓர் இடத்துக்குப் போய் வருவேன். பிறகு பஸ் இலக்கம், செலவு, கழிவறை எங்கே என்பது வரைக்கும் எழுதுவேன். நேற்றுப் போனது பஞ்சாபிக் கடைகள் நிறைந்த சவுத்தாலுக்கு. ஜிலேபி தின்னப் போகவில்லை. ஒரு புத்தகத்தைத் துரத்திக்கொண்டு போனேன்.

முதலில் புத்தகத்தைச் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓர் அமெரிக்கப் பெண்ணின் சிறுகதைகள். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் எல்லாரும் ரிசர்வ் பண்ணுவீர்கள். எங்கள் பக்கத்து நூலகங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது. அந்த மனுசிக்குப் பெரிய சம்பவம் ஒன்றும் தேவையில்லை. கடலோரத்துக் குளிர் ஊர், ஒரு சமையலறை, இரண்டு பெண்கள், வெளியே பனி. ஆனால் வாசிக்கும்போது கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்பதுபோல் இருக்கும். அவள் கதைகளில் வரும் பெண்கள் பேய்க்குப் பயப்படுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரிந்துவிடுமோ என்றுதான் பயப்படுவார்கள். இந்த மனுசி எங்கள் சனத்தை எங்கே வைத்துப் பார்த்தாள் என்று பல தடவை யோசித்திருக்கிறேன்.

அதில் ஒரு கதை. அக்கா தங்கை இரண்டு பேர் தனியாக இருக்கிறார்கள். அக்காவின் கழுத்தில் ஒரு கட்டி. அதை மறைக்க ஒவ்வொரு சட்டைக்கும் கழுத்துப் பட்டியை உயர்த்தி உயர்த்தித் தைக்கிறாள். தங்கைக்கும் சொல்லவில்லை. ஒரு நாள் பின்னேரம் வைத்தியரின் குதிரை வண்டி அவர்கள் வீட்டுப் படலையில் வந்து நிற்கிறது. யார் கூப்பிட்டது? நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் அந்த இடத்தில் முடிகிறது. நான் பக்கத்தைத் திருப்பவில்லை, புத்தகத்தை மூடிவிட்டேன்.

ஏனென்றால் அன்று காலை, போன செவ்வாய்க்கிழமை, எனக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. ஐம்பது தாண்டிய பெண்களுக்கு இங்கே மார்பை எக்ஸ்ரே எடுப்பார்களே, நானும் போய் எடுத்துவிட்டு மறந்துபோயிருந்தேன். இன்னும் சில பரிசோதனைகள் தேவை, திங்கட்கிழமை வரவும் என்று கடிதம் சொன்னது. பயப்பட வேண்டாம் என்றும் ஒரு வரி இருந்தது. பயப்பட வேண்டாம் என்று அச்சடித்து அனுப்பினால் யார்தான் பயப்படாமல் இருப்பார்கள்? நேரத்தையோ எந்தக் கட்டிடம் என்பதையோ சரியாகப் பார்க்கவில்லை. எழுத்தெல்லாம் கண்ணில் மிதந்தது. நாலாக மடித்து நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் வைத்தேன். எங்கள் வீட்டில் அந்தப் புத்தகத்தை வேறு யாரும் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கை.

யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் தேவாலயப் பங்கில் ஒருவருக்குத் தும்மல் வந்தால் பூசை முடியுமுன் பத்துப் பேர் மருந்து சொல்வார்கள். அது அன்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பார்வையை என்னால் தாங்கேலாது. இவருக்கும் சொல்லவில்லை. இவர் என்றால் என் கணவர், பஸ் ஓட்டுநர். யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிக்கிட்ட நாளில் இருந்து பேர்ஸுக்குள் ஒரு மடு மாதா படம் வைத்திருக்கிறார். அதை ஒரு தடவை தொட்டுக் கும்பிடாமல் பஸ்ஸை எடுக்கமாட்டார். இந்த ஆளிடம் போய் என்னவென்று சொல்வது?

வியாழக்கிழமை பின்னேரம் இவர் ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “உம்மட லைப்ரரிப் புத்தகத்துக்கு எனக்குத்தான் மெசேஜ் வந்தது. வேற ஆரோ கேட்டிருக்கினமாம். போற வழியில குடுத்திட்டுப் போனனான்.”

என் கையில் இருந்த கோப்பை தப்பியது பெரிய விஷயம். “உள்ளுக்கு ஒண்டும் இருக்கேல்லையோ?” என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் ஏன் என்று கேட்பார். விழுங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மோர்டன் நூலகத்துக்கு ஓடினேன். புத்தகம் காலை நூலக வண்டியில் சவுத்தாலுக்குப் போய்விட்டதாம். அந்த நூலகத்தின் போன் இலக்கம் தந்தார்கள். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று போனில் ஒருவருக்கு விளக்க எனக்கு நாக்கு எழும்பவில்லை. என் பெயர், விலாசம், உடம்பு வருத்தம் எல்லாம் ஊர்பேர் தெரியாத ஒருவரின் மடியில் விரிந்து கிடப்பதை நினைத்து இரவு முழுக்கப் புரண்டேன்.

சனிக்கிழமை சவுத்தால் போகிறேன், வலைப்பூவுக்கு எழுத என்று இவரிடம் சொன்னேன். “நானும் வரட்டோ?” என்றார். இத்தனை வருடத்தில் இந்தப் பயணங்களுக்கு இவர் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. “நீங்கள் வந்தால் கடைக்குக் கடை நிண்டு கதைப்பீங்கள், வேண்டாம்” என்று வெட்டிவிட்டேன். படியில் இறங்கும்போது குடையைக் கொண்டுவந்து கையில் தந்தார். வானம் பளிச்சென்று இருந்தது.

காலை 9.10க்கு மோர்டனில் நொதேர்ன் லைன் டியூப் ரயில் ஏறினேன். கென்னிங்டனில் மாறி, டொட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் எலிசபெத் லைன் எடுத்து, 10.25க்கு சவுத்தாலில் இறங்கினேன். பயண அட்டையில் மூன்று பவுண் நாற்பது பென்ஸ் கழிந்தது. வாரநாள் காலையில் கூடுதலாகப் பிடிப்பார்கள். இந்த வழியில் முதல் பாதி முழுக்கச் சுரங்கம். கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது. கை தன்பாட்டில் கோட்டின் மேல்பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தது. பார்த்தால் அந்தக் கதை அக்காவேதான். சீ என்று கையை எடுத்தேன். அடுத்த ஸ்டேஷனுக்குள் கை பழையபடி அங்கேயே நின்றது.

சவுத்தால் ஸ்டேஷன் பெயர்ப்பலகையில் பஞ்சாபி எழுத்தும் இருக்கும், படம் எடுக்கிறவர்கள் எடுக்கலாம். நான் எடுக்கவில்லை. நூலகம் எட்டு நிமிட நடை. பாதி வழியில் ஒரு புடவைக்கடை வாசலில் நின்றேன். கடைக்காரர் உள்ளே வரச் சொன்னார். புத்தகத்தை யாரோ எடுத்துப்போயிருந்தால் என்ன செய்வேன் என்று யோசித்துக்கொண்டே மிச்சத் தூரம் நடந்தேன்.

கவுண்டரில் இருந்தவர் தலை நரைத்த ஒரு பஞ்சாபி அம்மா. புத்தகம் ரிசர்வ் தட்டில்தான் இருந்தது. என் கண்ணுக்கே தெரிந்தது, அந்தப் பச்சை அட்டை.

“இது வேறொருவருக்கு வைத்திருக்கிறது. தர முடியாது, டியர்” என்றார்.

“புத்தகம் வேண்டாம். உள்ளே என் கடிதம் ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கடிதம்.” முதல் தடவையாக வாயால் சொன்னேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். புத்தகத்தை எடுத்து, முதுகைப் பிடித்துத் தலைகீழாக உதறினார். கடிதம் விழவில்லை. பக்கங்களைப் புரட்டினார். நடுவில் நின்றார்.

“கடிதம் இல்லை. இது மட்டும்தான் இருக்கிறது. உங்களுடையதா?”

மடு மாதா. ஓரம் மஞ்சளித்து, லமினேட் பிரிந்து, பேர்ஸின் வளைவிலேயே வளைந்துபோன அதே படம். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், நான் கடிதம் வைத்த அதே இடத்தில் இருந்தது.

நான் கவுண்டரைப் பிடித்துக்கொண்டேன். இவருக்குத் தெரியும். வியாழக்கிழமை இரவு சோறு சாப்பிடும்போதும் தெரியும், நேற்றுக் காலை குடையைத் தரும்போதும் தெரியும். மாதா இல்லாமல் இரண்டு நாள் பஸ் ஓட்டியிருக்கிறார்.

நிம்மதி வந்திருக்க வேண்டும், கடிதம் பத்திரமாக இருக்கிறதே. வரவில்லை. ஊரில் யாரோ வாசிப்பார்கள் என்ற பயம் போய், வீட்டில் ஒருவர் வாசித்துவிட்டார் என்ற பயம் வந்தது. இது இன்னும் பெரிதாக இருந்தது. இனி ஒன்றுமில்லாதது மாதிரி நடிக்க ஏலாது.

அந்த அம்மா புத்தகத்தை என்னிடம் தந்து கதிரையைக் காட்டினார். “ஐந்து நிமிடம் இருந்து பாருங்கள், பிறகு தாருங்கள்” என்றார். அப்போதுதான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். வைத்தியரை யாரும் கூப்பிடவில்லை. குதிரைக்குத் தண்ணீர் கேட்கத்தான் வந்திருக்கிறார். அக்கா வாளியைக் கொண்டுபோய் வைக்கிறாள், அவர் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார், அவள் படலையைச் சாத்திவிட்டுக் கழுத்துப் பொத்தானைப் பூட்டுகிறாள். கதை முடிந்தது. தங்கை ஜன்னலில் நின்று பார்த்தாளா என்றுகூட எழுதவில்லை. எனக்கு அப்படி ஒரு கோபம். அக்காவை ஒரு வார்த்தை சொல்ல விட்டிருக்கக்கூடாதா, பாவி? எழுதியவள் செத்து எத்தனையோ காலமாகிவிட்டது, அவளோடு சவுத்தாலில் உட்கார்ந்து மனதுக்குள் சண்டை போட்டேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். படத்தைக் கைப்பைக்குள் வைத்தேன்.

திரும்பி வர டியூப் எடுக்கவில்லை. சீக்கிரம் வீடு சேர எனக்குப் பயம். ஒரு தேநீர் குடித்துவிட்டு 12.40க்கு 207 இலக்கப் பஸ்ஸில் ஏறினேன். ஈலிங் பிரோட்வேயில் இறங்கி 1.15க்கு 65. கிங்ஸ்டன் எத்தனை மணிக்குப் போகும் என்று ஓட்டுநரிடம் கேட்டேன். “ரிச்மண்டில் ரோட்டைக் கிண்டி வைத்திருக்கிறார்கள், அவசரமென்றால் இறங்கி வேறு பஸ் பாருங்கள்” என்றார். அவசரமில்லை என்றேன். அவர் சிரித்தார். அவருடைய பஸ்ஸில் அப்படிச் சொன்ன முதல் ஆள் நானாம். கியூ, ரிச்மண்ட், ஆறு எல்லாம் ஜன்னலால் போயின. மற்ற நாளென்றால் இதற்கு மட்டும் மூன்று பந்தி எழுதியிருப்பேன். நான் பார்த்ததெல்லாம் ஓட்டுநரின் கையைத்தான்.

கிங்ஸ்டனில் 2.45க்கு கே5. மோர்டனில் இறங்க 3.35. தரிப்பிடத்தில் இவர் நின்றார், வேலை ஜாக்கெட்டோடு, குளிரில் மூக்கு சிவந்து.

“எப்ப வந்தனீங்கள்?”

“ஒரு மணிக்கு. இது ஆறாவது கே5.”

“டியூபில வந்திருந்தால்?”

“வரமாட்டீர். பயந்தால் நீர் பஸ்ஸிலதான் வருவீர்.”

நான் படத்தை எடுத்து நீட்டினேன். “இதை ஏன் அங்கை வைச்சனீங்கள்?”

“கடிதத்தை எடுத்தால் பக்கம் துலைஞ்சு போயிடுமெல்லே. நீர் வாசிச்ச இடம்.”

“குடுத்த புத்தகத்துக்கு என்னத்துக்கப்பா பக்கம்?”

“திரும்ப எடுப்பீர்தானே” என்றார். “சவுத்தாலுக்குப் போகுதெண்டு அங்கை சொன்னவை. நீர் சவுத்தால் எண்டோடனை விளங்கீட்டுது. நீரா சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். எனக்கும் கேக்கப் பயமா இருந்தது.”

தரிப்பிடத்தில் நாலு பேர் நின்றார்கள், அதில் ஒருவர் எங்கள் பங்குக்காரர். நான் பார்க்கவில்லை. “எனக்குப் பயமா இருக்கப்பா” என்று சத்தமாகவே சொல்லி அழுதேன். பங்குக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனுசன்.

படத்தை இவர் வாங்கவில்லை. திங்கள் வரைக்கும் உம்மோடேயே இருக்கட்டும் என்றார்.

இனி, போக நினைக்கிறவர்களுக்கு. சவுத்தாலுக்கு டியூப்தான் நல்லது, ஒன்றேகால் மணித்தியாலம் போதும். பஸ்ஸில் மூன்று மணித்தியாலம் பிடிக்கும். ஆனால் முதல் பஸ் ஏறி ஒரு மணித்தியாலத்துக்குள் மாறினால் காசு மறுபடி கழியாது, கே5க்கு மறுபடி கழிந்ததால் எனக்கு மொத்தம் மூன்று பவுண் ஐம்பது. கே5 ஞாயிற்றுக்கிழமை ஓடாது. அந்த நூலகத்தில் கழிவறை இருக்கிறது, துப்புரவாகவும் இருக்கிறது. அமெரிக்க மனுசியின் கதைகளைப் பகலில் வாசியுங்கள், பாதியில் மூடாதீர்கள். ஐம்பது தாண்டிய பெண்களுக்கு இன்னொன்று: அந்தக் கடிதம் வந்தால் புத்தகத்துக்குள் வைக்காதீர்கள். சாப்பாட்டு மேசையில், சோற்றுக்கும் கறிக்கும் நடுவில் வையுங்கள்.

இதை ஞாயிறு பூசைக்குப் பிறகு எழுதுகிறேன். பயம் போகவில்லை, பொய் சொல்லமாட்டேன். கடிதம் இப்போது குளிர்சாதனப் பெட்டிக் கதவில், காந்தத்தின் கீழ் இருக்கிறது. நேரம் 9.20, இரண்டாவது கட்டிடம், முதலாம் மாடி. இவர் ஷிப்ட் மாற்றிவிட்டார். நாளைக்குப் பஸ்ஸில்தான் போகிறோம், வீட்டில் இருந்து இருபத்தைந்து நிமிடம். செலவு ஒரு பவுண் எழுபத்தைந்து. இவருக்குப் பாஸ் இருக்கிறது. ஆட்கள் இரண்டு பேர்.