மண்ணூர்க்காரரின் பயணப் புள்ளிகள்

1991இல், என் கீழ் வேலை பார்த்த ஒருவரின் பயணப் புள்ளிகளை நான் நயமாகப் பேசிப் பறித்துக்கொண்டேன். ஒரகடம் சாலையில் இருந்த எங்கள் தொழிற்சாலையில், விடுப்பு எடுக்காமல் வருபவருக்குப் புள்ளிகள் சேரும். போதுமான அளவு சேர்ந்தால் இருவர் ஊட்டிக்கு ரயிலில் போய்வரலாம். மண்ணூர்க்காரரான அவர் காய்ச்சலோடும் வேலைக்கு வந்து சேர்த்தவை அவை. "ஊட்டி உனக்கு எதுக்குப்பா? குளிர்தான் மிச்சம்" என்று சொல்லி, ஒரு குக்கரைக் கொடுத்து என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன்.

மனைவியோடு போய்வந்து, அவரிடமே பெருமையடித்தேன். "என் வூட்டுக்காரி ரயில்ல ஏறினதே இல்ல சார். ஜன்னலாண்ட குந்திக்கினு போவணும்னு சொல்லிக்கினே இருந்தா" என்றார். அந்தப் புள்ளிகளின் மதிப்பு எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அடுத்த ஆண்டு, நான் செய்தது தவறு என்று சொல்லி, என் புள்ளிகளை அவருக்கு மாற்றிக் கொடுத்தேன். ஊட்டிக்குப் போய்த் திரும்பியதும் அவரும் அவர் மனைவியும் ஒரு பை கேரட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"நீங்க சொன்னது நெசந்தான் சார், ஊட்டியில ஒரே குளிரு" என்று அந்த அம்மா சிரித்தார். "ஆனா ரயில்ல நான் கண்ணே மூடல."

அன்று எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்கு நான் இன்றும் அவர்களுக்கு நன்றியோடு இருக்கிறேன்.