கோட்டா முடியும்வரை தைத்தோம்

எண்பதுகளில் சுங்கைப் பட்டாணியில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். என் வாய்க்குப் பயந்தே பெண்கள் தலை நிமிராமல் தைப்பார்கள். "பேச்ச விட்டுட்டுக் கையப் பாருங்கடி!" இதுதான் நான் சொல்லும் காலை வணக்கம்.

லைனில் கைவேகக்காரி சரசு. பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவளை நான்தான் இழுத்து வந்தேன். "கொசுக்கடியில எதுக்குடி கெடந்து சாகுற? ஃபேக்டரிக்கு வா, நான் பாத்துக்குறேன்." வேலையை விட்டதால் தோட்டத்து வீடும் போனது. நோயாளி அம்மாவோடு பீடோங்கில் வாடகை அறைக்கு வந்தாள்.

அந்த வருஷம் மாதாமாதம் டார்கெட்டைத் தாண்டினோம். மேனேஜர் எனக்குச் சுவர்க்கடிகாரம் பரிசு கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கழிவறைக்குப் போனவளைக்கூட வாசலில் நின்று விரட்டினேன், பாவி.

ஆகஸ்டில் துணி லாரி வருவது நின்றது. மேனேஜர் அறைக்கு ஓடினேன்.

"கோட்டா ஹாபிஸ் லா, மேரி," என்று மலாயில் சொன்னார். தீர்ந்துவிட்டதாம்.

நாடுகளுக்குள் ஒப்பந்தமாம். வெளிநாட்டுக்காரர்கள் வருஷத்துக்கு இத்தனை சட்டைதான் நம்மிடம் வாங்குவார்களாம், அதுதான் கோட்டா. எங்கள் தொழிற்சாலையின் பங்கை ஆகஸ்டிலேயே தைத்து அனுப்பிவிட்டோம். இனி ஜனவரிவரை லைன் கிடையாது. எனக்கு மட்டும் வேலை உண்டு. வெள்ளிக்கிழமைவரை யாரிடமும் சொல்லக் கூடாது.

மிச்சத் துணியை வைத்துக்கொண்டு மூன்று நாள் தவித்தேன். "அவசரமில்ல, மெதுவா தைங்கடி," என்றேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒடம்பு சரியில்லியாக்கா?" என்றாள் சரசு.

வெள்ளிக்கிழமை வேலை போனவர்களின் பெயர்களை வாசித்தேன். ஒப்பந்தம் போட்டவர்கள் எங்கோ இருந்தார்கள், வாசிக்கிற வேலை எனக்கு வந்தது. சரசுவின் பெயரைக் கடைசியாக வாசித்தேன்.

மறுவாரம் பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். "தோட்டத்துக்கே திரும்பிப் போயேன்டி," என்றேன்.

"தோட்டத்து ஆபீஸ் கிராணியக் கேட்டேங்கா. பால்மரத்தையெல்லாம் சாய்ச்சிட்டு எண்ணெய்க்குச் செம்பன போடுறாங்களாம். ஆள் வேணாமாம்." பஸ் காசை எண்ணிக்கொண்டே கேட்டாள். "நான் மெதுவா தச்சிருந்தா தீபாவளிவரைக்கும் வேல ஓடியிருக்குமாக்கா?"

"ஓடியிருக்கும்டி," என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

ஜனவரியில் லைன் திறந்தது. சரசு வரவில்லை. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஆர்டர் வந்தால் எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். இந்த வருஷக் கோட்டாவில் இன்னும் எத்தனை பாக்கி என்றும் கேளுங்கள். நான் கேட்கவில்லை, கடிகாரத்தை வாங்கிக்கொண்டேன்.